நாலாம் நம்பர் கால்சட்டை

கால்பந்துக் கிளப் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த ஒருத்தி ஒரே ஒரு ஆட்டத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சோப்பக்கா பார்த்ததில்லை. அவள் இருந்தது பார்வையாளர் மேடைக்கு நேர் கீழே, ஜன்னல் இல்லாத சலவை அறையில். இடைவேளையில் ஆட்டக்காரர்கள் உடுப்பு மாற்றிக்கொண்டு போவார்கள். முதல் பாதி அழுக்கு முழுவதும் கூடை கூடையாக அவள் மேஜைக்கு வந்து சேரும். ரத்தக்கறையைக் காய்வதற்குள் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் பட்டால் அது ஜன்மத்துக்கும் போகாது. புல்கறைக்கு வேறு வைத்தியம், சேற்றுக்கு வேறு. மேலே பதினைந்தாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்தும்போது கீழே இவள் குனிந்த தலை நிமிராமல் பிரஷ் போட்டுக்கொண்டிருப்பாள்.

ஆனாலும் ஆட்டத்தின் போக்கு அவளுக்குத் தெரியும். நம் ஆட்கள் கோல் போட்டால் கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் மேஜைமேல் உதிரும். எதிராளி போட்டால் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். தூள் விழும் என்பதற்காகவே துவைத்த துணியின்மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு வைத்திருப்பாள். அந்த விரிப்பை உதறும்போதுதான் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

அவளுக்குச் சொந்தப் பேர் ஒன்று இருந்தது. சம்பளக் காகிதத்தில் இருந்ததோடு சரி. தலைவரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் சோப்பக்காதான்.

பஸ் டிப்போ மெக்கானிக்கான அவள் கணவர், மேடையில் அவள் தலைக்கு நேர் மேலே உட்கார்ந்து ஒரு ஆட்டம் விடாமல் பார்ப்பவர். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுத் தட்டு, டம்ளர், உப்பு ஜாடி எல்லாவற்றையும் ஆட்டக்காரர்களாக நிறுத்தி அவளுக்கு ஆட்டம் சொல்வார். அவள் சாவகாசமாகக் கேட்டுவிட்டு, "ஏழாம் நம்பர் ரெண்டாவது பாதியில ஓடவே இல்லையே, அதைச் சொல்லலையே?" என்பாள்.

"நீ பார்த்தியா என்ன?"

"சாக்ஸைப் பார்த்தேன். வேர்வையே இல்ல."

அவர் உப்பு ஜாடியை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சோற்றைப் பிசைவார். கிளப்பிலும் அப்படித்தான். யாருக்கு எந்தப் பக்கம் முழங்கால் வலி, யார் பயந்து பயந்து ஆடுகிறார், யார் விழுந்து விழுந்து பந்தைத் தடுக்கிறார் என்பதெல்லாம் அவளுக்குத் துணியில் தெரிந்துவிடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம்தான் ஒருநாள் வினையாகி வந்தது.

நாலாம் நம்பர் ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். தடுப்பு வரிசையில் நடுவில் நிற்பவர், முப்பத்தொரு வயது, அதிகம் பேசமாட்டார். தடுப்பாட்டக்காரர்கள் துணி என்றால் கேட்கவே வேண்டாம். இடுப்பிலிருந்து முட்டிவரை பச்சையும் பழுப்புமாக இருக்கும். அதற்காகவே கோல்கீப்பர், தடுப்பு நால்வர் ஆகிய ஐந்து பேர் துணியையும் சின்ன மெஷினில் தனியாகப் போடுவாள். அந்த மெஷினுக்குச் சின்னவன் என்று பெயர். மற்றவர்கள் துணி பெரியவனுக்கு. இந்த நாலாம் நம்பர் கால்சட்டை மட்டும் எப்படிப் போனதோ அப்படியே திரும்பி வரும். அதையும் மற்றவர்கள் மாதிரி சுருட்டி எறியமாட்டார், நாலாக மடித்துக் கூடையின் ஓரத்தில் வைப்பார். சோப்பக்கா அவருக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. ஆட்டக்காரர்களே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த வருஷம்தான் கிளப் முதல்தர லீகுக்கு ஏறியிருந்தது. புதுக் கோச் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி, எப்போதும் ஆறிப்போன டீயோடு ஒரு பலகை முன்னால் நிற்பவர். பலகையில் பதினொரு காந்த வில்லைகள். அவற்றில் ஒன்றை முன்னால் தள்ளுவார், பின்னால் ஓட்டை விழும். அதை அடைக்க ஒன்றைப் பின்னால் இழுப்பார், முன்னால் ஆள் போதாது. முக்கால் சீசன் இப்படியே போனது. அணி அதிகம் தோற்கவில்லை, அதிகம் ஜெயிக்கவுமில்லை. பூஜ்யத்துக்குப் பூஜ்யம், ஒன்றுக்கு ஒன்று. சுண்ணாம்புத் தூள் ஒழுங்காக உதிர்ந்து மாசக்கணக்காகிவிட்டது என்று சோப்பக்காவே அலுத்துக்கொண்டாள்.

கிளப்பின் தலைவருக்குக் குளியலறை ஓடு வியாபாரம். பளபளப்பு இல்லாத எதுவும் அவருக்குப் பிடிக்காது. "கோல் போட்டாத்தான்யா கூட்டம் வரும். தடுக்கிறதைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்?" என்று அவர் குதித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு முன்னணி வீரரைப் பார்த்து வைத்திருந்தார். காலில் பந்து கிடைத்தால் புயல். ராக்கெட் என்றே ஊரெல்லாம் பேர். ஆனால் லீக் விதிப்படி அணியின் பட்டியலில் இருபத்தைந்து பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ராக்கெட் வரவேண்டுமானால் ஒருவர் போக வேண்டும். யார் என்பதுதான் கேள்வி.

அந்தச் சமயத்தில்தான் தலைவர் நாலைந்து விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிக் காட்டினார். சலவை அறைக்கும் வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததாகச் சோப்பக்காவுக்கு ஞாபகம் இல்லை.

"என்னக்கா, நம்ம ஆளுங்கள்ல யாரு நல்லா உழைக்கிறான்? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமாமே!"

சோப்பக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மேஜைமேல் கிடந்த அஞ்சாம் நம்பர் கால்சட்டையைத் தூக்கிக் காட்டினாள். கடைசி ஆட்டத்தில் ஒருமுறை சறுக்கி விழுந்து தடுத்ததில் ஒரு பக்கம் முழுக்கச் சேறு. "இதாங்கய்யா உழைப்பு" என்றாள். பிறகு கூடை ஓரத்திலிருந்து நாலாம் நம்பரை எடுத்து இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். "இதையும் பாருங்க. மாப்பிள்ளை மாதிரி போறாரு, மாப்பிள்ளை மாதிரி வர்றாரு. இதுக்கு நான் சோப்பே போடறதில்ல. மடிச்சுக் கடையில குடுத்தா அவன் புதுசுன்னு வித்துடுவான்."

விருந்தாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தலைவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். மேல்மாடி ஆட்கள் தன் பேச்சுக்குச் சிரித்தது அவளுக்கு அன்று பூராவும் இனித்தது. வீட்டில் கணவரிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள்.

நாலு நாள் கழித்து கிளப் மேனேஜர் வந்து, "அக்கா, நாலாம் நம்பர் உடுப்பு மாட்டற ஆணியைக் காலி பண்ணிடுங்க. மாப்பிள்ளையை வேற கிளப்புக்கு இரவல் குடுத்தாச்சு, சீசன் முடியற வரைக்கும்" என்றார்.

"ஏன்? என்னாச்சு?"

"மீட்டிங்குல கோச் தயங்கினாரு. ஆனா கணக்குல பாருங்க, பந்தை மறிச்சுப் பிடுங்கினதுல அவர்தான் கடைசி. அப்பத் தலைவர் நீங்க சொன்னதைச் சொன்னாரு. கூட்டமே சிரிச்சிடுச்சு. அதோட முடிஞ்சுது." மேனேஜர் பாராட்டும் தோரணையில் தலையை ஆட்டினார். "உங்க வார்த்தைதான் எடுபட்டுச்சுக்கா."

சோப்பக்கா அந்த ஆணியைக் காலி பண்ணினாள்.

மறுநாள் மாப்பிள்ளை தன் உடுப்புகளை ஒப்படைக்க வந்தார். எல்லாம் மடித்தபடி. போகும் கிளப் பஸ்ஸில் பத்து மணி நேரத் தூரம். மனைவிக்கு ஏழாம் மாசம், கூட்டிப்போக முடியாது, மாமியார் வந்து துணைக்கு இருக்கிறார் என்று கேட்காமலே சொன்னார். தன்னைப் பற்றி அவள் சொன்னது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வாசல்வரை போனவர் நின்று, ஓடிக்கொண்டிருந்த சின்னவனைக் காது கொடுத்துக் கேட்டார்.

"அக்கா, இதோட பெல்ட்டு ஒரு மாதிரி சத்தம் போடுது. மாத்தச் சொல்லிடுங்க. போயிட்டு வரேன்."

"சரி தம்பி" என்றாள். ஆனால் பெல்ட்டை மாற்றச் சொல்லவில்லை.

ராக்கெட் வந்தார். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் பேருக்கேற்ற ஆள்தான். முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல். கூரை உதிர்ந்த உதிர்ப்பில் சோப்பக்கா விரிப்பை மூன்று தடவை உதறினாள். ஆனால் மெஷின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்ட நேரமும் மூன்று. மூன்றுக்கு மூன்று. அடுத்தது நாலுக்கு அஞ்சு. அதற்கடுத்தது இரண்டுக்கு நாலு. மேடை நிரம்பி வழிந்தது. தலைவர் கையைத் தேய்த்துக்கொண்டு நடமாடினார். கணவர் உப்பு ஜாடியை மேஜை முழுக்க ஓட்டி ராக்கெட்டின் ஆட்டத்தை நடித்துக் காட்டினார். "தோத்தாலும் என்னா ஆட்டம்! என்னா ஆட்டம்!" இருபது கிளப்புகள் ஆடும் லீகில் நம் கிளப் எட்டாம் இடத்திலிருந்து பதினாறாம் இடத்துக்குச் சறுக்கியது. கடைசி மூன்று இடங்களில் விழுந்தால் மறுபடி கீழ் லீக். விளிம்புக்கும் இவர்களுக்கும் ஒரு படிதான் இடைவெளி.

வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்று வாரமும் சோப்பக்காவுக்கு உள்ளூரத் திருப்தி. தடுப்பாட்டக்காரர்கள் துணியெல்லாம் சேற்றில் முக்கி எடுத்த மாதிரி வந்தது. கோல்கீப்பரின் முழங்கைத் துணி கிழிந்து வந்தது. 'இப்பத்தான் உழைக்கிறாங்க. நான் சொன்னது தப்பில்ல' என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். தவறு செய்தவர்கள் முதலில் செய்கிற காரியம் இதுதானே.

நாலாவது ஆட்டத்தின்போது சின்னவனின் பெல்ட் அறுந்தது. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. முழங்கால்வரை நனைந்துகொண்டு துணியை வாளியில் அள்ளிப் போட்டவளுக்கு மாப்பிள்ளை வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டது ஞாபகம் வந்தது. அவள் தினம் எட்டு மணி நேரம் அந்த மெஷின் பக்கத்திலேயே நிற்கிறாள். அவளுக்குக் கேட்காதது அவருக்கு ஒரு நிமிஷத்தில் கேட்டிருக்கிறது. அறுவதற்கு மூன்று வாரம் முன்னால்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

அது அவளாகப் பழகிக்கொண்ட ஒரு வழக்கம். ஒரு துவைப்பில் போகாமல் பிரஷ் போட்டு இரண்டாம் துவைப்புக்குப் போகும் கால்சட்டை ஒவ்வொன்றுக்கும் அந்தத் தேதிக் கட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். சின்னவனின் கோடு மேலே, பெரியவனின் கோடு கீழே. எவ்வளவு சோப்பு தீர்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். சின்னவனில் ஐந்து பேர், இரண்டு பாதி, ஆக ஆட்டத்துக்குப் பத்துக் கால்சட்டை. கடைசி மூன்று ஆட்டத்தைப் பார்த்தாள். எட்டுக் கோடு. ஒன்பது. ஒன்பது. தாளைப் பின்னால் புரட்டினாள். மாப்பிள்ளை இருந்த மாசங்கள். இரண்டு. மூன்று. இரண்டு. ஒன்று. மூன்று. இரண்டு. இடையில் ஒரே ஒரு ஆட்டத்துக்கு எட்டு. அந்தத் தேதியை உற்றுப் பார்த்தாள். அன்று நாலாம் நம்பர் துணியே வரவில்லை. அவர் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த நாள்.

அவர் தன் கால்சட்டையை மட்டும் அழுக்காகாமல் பார்த்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற மூன்று பேர், பின்னால் நின்ற ஒருவர், எல்லாருடைய துணியையும் சேர்த்து அழுக்காகாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மற்றவர்கள் விழுந்து புரண்டு தடுக்க வேண்டிய பந்து அவர்கள் பக்கமே வராமல் இருந்திருக்கிறது. எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் துணியைப் படித்தவள், படிக்க வேண்டிய ஒரே துணியைத் தலைகீழாகப் படித்துவிட்டாள். அதை விரலால் தூக்கிப் பிடித்துச் சிரிக்கவும் வைத்தாள். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலை காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு கோச்சின் அறைக்குப் போனாள். அவர் பலகை முன்னால்தான் நின்றார். டீயில் ஆடை படிந்திருந்தது.

"கோச் சார், ஒரு பத்து நிமிஷம் இதைப் பாருங்க. அப்புறம் என்னைத் திட்டணும்னா திட்டுங்க."

அவள் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். கோடுகளை அவரே இரண்டு தடவை எண்ணினார். காய்ச்சல் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "உக்காருங்கக்கா" என்றார். அவர் அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அவன் என்ன பண்ணினான்னுதான் எல்லாரும் எண்ணினோம்" என்றார் கடைசியில். "அவன் இருந்ததால என்னென்ன நடக்கலைன்னு எண்ண எங்கிட்ட ஒரு வழியும் இல்ல. ஏதோ இருக்குன்னு மட்டும் மனசுல பட்டுது. வெறும் மனசுல பட்டதை வெச்சுக்கிட்டுத் தலைவர்கிட்ட எப்படிப் பேசறது?"

"தப்பு எம்மேலதான் சார். நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்."

"நீங்க ஜோக்கு அடிச்சீங்க. ஆளை அனுப்பினது நாங்க." அவர் எழுந்து காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

தலைவரிடம் நடந்த பேச்சு வராந்தா வரைக்கும் கேட்டது என்று மேனேஜர் பிற்பாடு நடித்தே காட்டினார். "டவுசரைப் பார்த்து டீம் எடுக்கிறதாய்யா?" என்று தலைவர் கத்தினாராம். "போன தடவை அதைத்தானே சார் பண்ணினோம்!" என்று அதைவிடச் சத்தமாகக் கோச் கத்தினாராம். அந்த ஒல்லி மனிதருக்கு அவ்வளவு குரல் எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் ஆச்சரியம். இன்னும் நாலு கோல் வாங்கினால் மொத்த கிளப்பின் டவுசரும் கிழிந்துவிடும் என்பது தலைவருக்கும் உறைத்திருக்க வேண்டும். இரவல் கொடுத்தவரைத் திரும்பக் கேட்க ஆறு நாள்தான் கெடு இருந்தது. ஐந்தாம் நாள் மாப்பிள்ளை பெயர் பட்டியலில் மறுபடி ஏறியது. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஒரு முன்னணி வீரர் அவர் இடத்தில் இரவல் போனார்.

மாப்பிள்ளை ஒரு பையோடு வந்து இறங்கினார். மகள் பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மாசம் நிறையுமுன்பே பிறந்துவிட்டாள், அவர் பக்கத்தில் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சோப்பக்கா தினமும் நினைப்பாள். அவர் வந்து, "அக்கா, சௌக்கியமா? பெல்ட்டு மாத்தியாச்சு போலிருக்கே" என்பார். அவள் குனிந்து சாக்ஸைத் தேடுவாள். இப்படியே நாலு வாரம் ஓடிவிட்டது.

அந்த நாலு வாரத்தில் சின்னவன் கோடுகள் மூன்றாயின, இரண்டாயின. இன்னொன்றும் நடந்தது, அதைக் கோச்சே எதிர்பார்க்கவில்லை. பின்னால் பயம் விட்டுப் போனதும் நடுவில் ஆடுகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினார்கள். பந்து சட்டென்று முன்னால் போனது. ராக்கெட்டும் முன்போல் பந்துக்காகப் பாதி மைதானம் பின்னால் ஓடிவர வேண்டியிருக்கவில்லை. அவர் சாக்ஸ் குதிகால் தேய்வது குறைந்ததைச் சோப்பக்கா கவனித்தாள். ஒன்றுக்குப் பூஜ்யம், இரண்டுக்கு ஒன்று. கணவர் மட்டும், "சப்புன்னு இருக்கு ஆட்டம். ஜெயிக்கிறோம், ஆனா சப்புன்னு இருக்கு" என்று முணுமுணுத்தார்.

கடைசி ஆட்டம் வந்தது. கீழே இருந்த கிளப்புகளும் விடாமல் ஜெயித்துக்கொண்டே வந்ததால் ஆபத்து இன்னும் தீரவில்லை. தோற்றால் கீழ் லீக், சமன் செய்தால் தப்பித்தோம். காலையிலிருந்தே மழை. இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தது. கூடைகள் வந்து விழுந்தன. கோச் சலவை அறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, வாங்க. இன்னைக்கு ஒரு பாதியாவது பாருங்க."

"ரத்தக்கறை காஞ்சுடும் சார்."

"காயட்டும்."

அவள் ரத்தம் பட்ட மூன்று சட்டைகளை அவசரமாகத் தண்ணீரில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு ஏறும் வழியின் முகப்பில் வந்து நின்றாள்.

முதலில் பச்சைதான் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் துணியிலிருந்து தேய்த்து எடுத்த பச்சை இவ்வளவு பெரிதாகக் கண் முன்னால் விரிந்து கிடக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. பிறகு சத்தம். கூரை வடிகட்டி அனுப்பிய சத்தம்தான் அவளுக்குத் தெரியும். இது நேராக மார்பில் வந்து மோதியது. பதினைந்தாயிரம் தலைகளும் பந்து போன பக்கமெல்லாம் திரும்பின. அவள் மட்டும் நாலாம் நம்பரைப் பார்த்தாள்.

அவர் ஒன்றுமே செய்யவில்லை. அப்படித்தான் முதலில் தோன்றியது. மூன்று அடி இடப்பக்கம் நகர்ந்தார். நின்றார். கையை நீட்டி ஒருவரைக் கொஞ்சம் உள்ளே வரச் சொன்னார். இரண்டு அடி பின்னால் போனார். அவ்வளவுதான். ஆனால் எதிராளி பந்தோடு வந்து நிமிர்ந்து பார்க்கும்போது வழி அடைபட்டிருந்தது. அவன் பந்தைப் பின்னால் அனுப்பினான். மறுபடி வந்தான், மறுபடி வழி இல்லை. கொஞ்ச நேரத்தில் சோப்பக்காவுக்குப் புரிந்தது: அவர் நகர்ந்த பிறகுதான் பந்து அங்கே வருகிறது. பந்து கிளம்பும் முன்பே, உதைக்கப் போகிறவனுக்கே எங்கே உதைக்கப் போகிறோம் என்று தெரியும் முன்பே, இவர் அந்த இடத்தில் நிற்கிறார். நின்று, வந்த பந்தை ஒரு காலால் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவருக்குத் தட்டிவிடுகிறார். யாரும் கைதட்டவில்லை. எதற்குக் கைதட்டுவார்கள்? ஒன்றும் நடக்கவில்லையே. இருபது தடவை ஒன்றும் நடக்கவில்லை. கொட்டும் மழையில், சேறும் சகதியுமான அந்தத் தரையில், எல்லாரும் அடையாளம் தெரியாமல் பழுப்பாகிவிட்ட நேரத்தில், அவர் ஒருவர் கால்சட்டை மட்டும் வெள்ளையாக இருந்தது. சோப்பக்கா வாயில் கையை வைத்தவள் எடுக்கவில்லை. இப்படியும் ஒரு மனிதனா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது இடப்பக்கம் நின்றவர் சேற்றில் வழுக்கி விழுந்தார். எதிராளி ஒருவன் பந்தோடு தனியே பாய்ந்தான். கோல்கீப்பர் மட்டும் பாக்கி. மாப்பிள்ளை ஓடினார். அவர் ஓடி அதுவரை அவள் பார்த்திருக்கவில்லை. எதிராளி காலைத் தூக்கிய நொடியில் இவர் பக்கவாட்டில் விழுந்து, நாலைந்து அடி தூரம் சேற்றைக் கிழித்துக்கொண்டு சறுக்கி, நீட்டிய கால் விரல் நுனியால் பந்தை வெளியே தள்ளிவிட்டார்.

மேடை எழுந்து நின்றது. அன்று சலவை அறைக் கூரையில் மிச்சமிருந்த சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்திருக்கும். ஒன்றுக்கு ஒன்றிலேயே விசில் ஊதியபோது தலைவர் தன் பளபளப்பான செருப்போடு சேற்றில் இறங்கி ஓடினார். கணவர் மேடையிலிருந்து குதித்து வந்து, கோச்சைக் கட்டிக்கொண்டு, யாரோ என்னவோ என்று அவர் திகைக்கத் திகைக்க ஆடினார். ஆட்டக்காரர்கள் மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள்.

சோப்பக்கா இறங்கி அறைக்கு வந்தாள். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என்ன சொல்வது என்று இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வாசலில் ஆள் அரவம் கேட்டது. மாப்பிள்ளைதான். மேலே கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது, அவர் அதை விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் அந்தக் கால்சட்டை. அதையும் நாலாக மடித்துத்தான் வைத்திருந்தார். ஆனால் மடிப்புக்கு வெளியே இடுப்பிலிருந்து முட்டிவரை பச்சையும் கறுப்புமாக ஒரே இழுப்பில் கறை. அதை மேஜைமேல் வைத்தவர் அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார்.

"தம்பி, நான் உங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள் சோப்பக்கா.

"மன்னிச்சுக்கோங்கக்கா" என்றார் அவர் அதற்குள். "இன்னைக்கு ஒரு தடவை லேட்டாயிட்டேன்."

சோப்பக்கா அந்தக் கால்சட்டையை எடுத்து, மெஷினில் போடாமல், தொட்டியில் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, தன் கையாலேயே தேய்க்க ஆரம்பித்தாள்.

"போங்க தம்பி" என்றாள் திரும்பாமலே. "வீட்டுக்குப் போய்ப் பொண்ணைத் தூக்குங்க. இதை நான் பார்த்துக்கிறேன்."